மைலேஜ் குறையும் ஏடபிள்யூடி வண்டி: அறிகுறி பார்த்துப் பழுது தேடும் வழி

டஸ்டர் ஏடபிள்யூடி, கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப், காம்பஸ் ஃபோர் பை ஃபோர் என்று நாலு சக்கரமும் இழுக்கும் சின்ன எஸ்யூவிகள் நீலகிரி அடிவாரத்தில் கொஞ்சம் அதிகம். எஸ்டேட் பாதைக்கும் மழைக்காலச் சேற்றுக்கும் லீவு நாளில் மொத்தக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு போகவும் வாங்கியவை. மேட்டுப்பாளையத்தில் எங்கள் பட்டறைக்கு இந்த வண்டிகள் வந்தால் பாதி நேரம் ஒரே புகார்தான்: "மைலேஜே வர மாட்டேங்குதுங்ணா." காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "நாலு வீலும் இழுக்குதில்லைங்க, அதனாலதான்."

பெரும்பாலும் அது காரணமில்லை. இந்த வண்டிகள் நல்ல சாலையில் முன் சக்கரங்களால்தான் ஓடுகின்றன. தேவைப்படும்போது மட்டும் ஒரு கப்ளிங் பிடித்துக்கொண்டு பின் சக்கரங்களுக்கும் இழுவையை அனுப்புகிறது. கூடுதல் எடையும், பல வண்டிகளில் கூடவே சுற்றும், பின் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்ட்டும் மைலேஜைக் கொஞ்சம் தின்னும்தான். ஆனால் ஷோரூமிலிருந்து வந்த நாளிலிருந்தே அது தின்றுகொண்டுதான் இருக்கிறது. போன வருடம் 15 கொடுத்த வண்டி இந்த வருடம் 11 கொடுத்தால், நடுவில் ஏதோ மாறியிருக்கிறது. அதைத் தேடுவதுதான் வேலை. காசு செலவில்லாத சோதனையில் தொடங்குங்கள், இன்ஜினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கடைசியில் தொடுங்கள். தலைகீழாகச் செய்தவர்கள்தான் கையில் பெரிய பில்லோடும் மீட்டரில் அதே மைலேஜோடும் வருகிறார்கள்.

## எதற்கும் முன்னால்: நிஜமாகவே குறைந்திருக்கிறதா?

டாஷ்போர்டு காட்டும் எண்ணை வைத்து முடிவுக்கு வராதீர்கள். இன்ஜெக்டர் எவ்வளவு ஊற்றியது என்று கம்ப்யூட்டர் போடும் மதிப்பீடு அது. பெரும்பாலும் கொஞ்சம் கூட்டியே சொல்லும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலோ ரீசெட் அழுத்தினாலோ முதல் சில கிலோமீட்டருக்கு உளறும்.

டேங்க் டு டேங்க் கணக்குதான் சரி. ஒரு பங்கில் ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். குறைந்தது 300, 400 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அதே பங்கில், முடிந்தால் அதே பம்பில், மறுபடி முதல் கட் வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். உதாரணத்துக்கு 412 கிலோமீட்டருக்கு 29.4 லிட்டர் என்றால் 14. ரூபாயை ரவுண்டாக்குவதற்காக மேலே மேலே ஊற்ற விடாதீர்கள். கணக்கும் கெடும், பெட்ரோல் வண்டியில் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவும் கெடும். இரண்டு டேங்க் ஓட்டிப் பார்த்து, இரண்டிலும் குறைவு என்றால்தான் மேலே படியுங்கள்.

டயர் அளவை மாற்றினீர்களா? டஸ்டருக்குக் கம்பெனி அளவு 215/65 ஆர்16. பார்க்க மிடுக்காக இருக்கிறது என்று 225/70 போட்டால் டயரின் விட்டம் சுமார் 5 சதவீதம் கூடும். மீட்டர் 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி 105 போயிருக்கும். ஆக மைலேஜில் ஒரு பகுதி காணாமல் போனது மீட்டரில் மட்டும்தான். போனில் மேப் போட்டு 50 கிலோமீட்டர் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கனமான ஆல் டெரெய்ன் டயர் என்றால் நிஜமாகவும் கொஞ்சம் குறையும், அதற்கு மருந்து இல்லை.

விளம்பர எண்ணோடு ஒப்பிடுகிறீர்களா? வேண்டாம். ஆல்கிரிப் மேனுவல் கியர் வண்டிக்கு 19.38 என்று சொன்னார்கள். அது ஆய்வகத்தில் உருளைமேல், ஏசி அணைத்து, 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டி எடுத்த எண். கோவை டவுன், நெடுஞ்சாலை எல்லாம் கலந்து ஓட்டி 13, 14 கிடைத்தால் அந்த வண்டிக்கு நோயில்லை. உங்கள் வண்டி முன்பு கொடுத்ததோடு இப்போது கொடுப்பதை ஒப்பிடுங்கள், அது போதும்.

## அறிகுறி: மலைக்குப் போனால் மட்டும் அடிவாங்குகிறது

மேட்டுப்பாளையம் சுமார் 320 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். ஆள் சாமானோடு 1,700 கிலோ வரும் வண்டியை அவ்வளவு உயரம் தூக்கவே இரண்டேகால், இரண்டரை லிட்டர் டீசல் எரியும். இது சாதாரணமாக ஓட ஆகும் செலவுக்கு மேல். அதனால் ஏறும்போது மீட்டர் 8, 9 என்று காட்டினால் பட்டறையைத் தேட வேண்டாம். இறங்கும்போது 25, 30 காட்டும். ஏற்றமும் இறக்கமும் ஒரே டேங்கில் வருமாறு கணக்குப் போடுங்கள்.

அப்படிப் போட்டும் ரொம்பக் குறைவு என்றால் முதலில் இறங்கும் விதத்தைப் பாருங்கள். நியூட்ரலில் உருட்டினால் எண்ணெய் மிச்சம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். நடப்பது அதற்கு எதிர். கியரில் இருந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் ஊற்றுவதை நிறுத்திவிடும், செலவு பூஜ்யம். நியூட்ரலில் இன்ஜின் ஐடிலில் ஓட எண்ணெய் குடித்துக்கொண்டே இருக்கும். அதைவிட முக்கியம், பிரேக் கொதித்துக் கைவிட்டுவிடும். இரண்டாம் கியரில் இறங்குங்கள்.

டஸ்டர் ஏடபிள்யூடியில் இன்னொன்று உண்டு. மேடு ஏறுவதற்காக அதன் முதல் கியரை மிகக் குட்டையாக வைத்திருக்கிறார்கள். சமதளத்தில் அதை இழுத்து இழுத்து ஓட்டினால் வீண் செலவு. உருண்டதும் இரண்டாவதுக்குப் போய்விடுங்கள்.

ஏறும்போது கரும்புகையும் வருகிறது, முன்பு மூன்றில் ஏறிய வளைவுக்கு இப்போது இரண்டு கேட்கிறது என்றால் அது மலையின் குற்றமில்லை. கீழே "இழுவை குறைவு" பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: வண்டி கனமாக ஓடுகிறது, காலை எடுத்தால் சீக்கிரம் நிற்கிறது

எங்களிடம் வருவதில் அதிகம் இதுதான். இன்ஜின் நன்றாக இருக்கும், புகை இருக்காது, லைட் எரியாது. மைலேஜ் மட்டும் போயிருக்கும். ஏதோ ஒன்று வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறது.

உருட்டிப் பாருங்கள். ஆளில்லாத சமதளச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்து, நியூட்ரலில் போட்டு, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். திரும்பி வந்து எதிர்த் திசையிலும் அதே மாதிரி செய்யுங்கள், சாலையின் சாய்வும் காற்றும் சமனாகிவிடும். முடிந்தால் அதே மாடல் வைத்திருக்கும் நண்பரின் வண்டியோடு ஒப்பிடுங்கள். சமதளத்தில் ஒரு ஆள் தள்ளினால் இந்த வண்டிகள் நகர வேண்டும். இரண்டு பேர் முக்கினாலும் அசையவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம்.

முதலில் டயர் காற்று. டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஆள் குறைவாக இருக்கும்போது ஒரு அளவும், முழு சுமைக்கு ஒரு அளவும் இருக்கும். காலையில், வண்டி ஓடுமுன், உங்கள் சொந்த கேஜில் பாருங்கள். பங்க் மிஷின்கள் ஒன்றுக்கொன்று மூன்று நாலு பிஎஸ்ஐ வித்தியாசம் காட்டுவது சாதாரணம். நைட்ரஜன் அடித்தால் மைலேஜ் கூடும் என்பது பங்க் வாசலில் மட்டும் நடக்கும் அதிசயம். சாதாரணக் காற்றே போதும், அளவு சரியாக இருந்தால்.

மலைக்காரர்கள் அடிக்கடி கேட்பது: "ஊட்டியில அடிச்ச காத்து கீழ வந்தா குறையுமாங்க?" உயரம் கூடக்கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் மேலே சுமார் 3 பிஎஸ்ஐ கூடக் காட்டும். ஆனால் குளிரால் டயருக்குள் ஏறக்குறைய அதே அளவு இறங்கிவிடும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.

அடுத்து பிரேக். ஊட்டி, கோத்தகிரி ஈரத்தில் நிற்கும் வண்டிகளில் பிரேக் பேடைப் பிடித்து அழுத்தும் முன் கேலிபரின் ஸ்லைடு பின் காய்ந்து துருப்பிடித்துவிடும். பிரேக்கை விட்டாலும் பேட் டிஸ்கை உரசிக்கொண்டே இருக்கும். பின்னால் ட்ரம் உள்ள வண்டிகளில் ஹேண்ட்பிரேக் கேபிள் உள்ளேயே பிடித்துக்கொள்வதும் உண்டு, முக்கியமாக வாரக்கணக்கில் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்திய வண்டியில்.

சோதிக்கும் விதம்: சமதளத்தில் 15, 20 கிலோமீட்டர் ஓட்டுங்கள், பிரேக்கை முடிந்தவரை தொடாதீர்கள், கடைசியில் மெதுவாக உருண்டு நிற்க விடுங்கள். இறங்கி, நாலு சக்கரத்தின் நடுவிலும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டுங்கள். கோவிட் சமயத்தில் நெற்றிக்கு வைத்த துப்பாக்கி இதற்கு ஆகாது, அது உடம்புச் சூட்டை மட்டுமே படிக்கும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ரகம் வேண்டும். முன் இடதும் முன் வலதும் கிட்டத்தட்ட ஒரே சூடாக இருக்க வேண்டும், பின் இரண்டும் அப்படியே. ஒரு பக்கம் மட்டும் 30 டிகிரிக்கு மேல் கூடுதல் என்றால் அந்தச் சக்கரம்தான் குற்றவாளி. கருவி இல்லாவிட்டால் கையை ரிம் பக்கத்தில் கொண்டுபோனாலே அனல் தெரியும். டிஸ்கைத் தொட்டுவிடாதீர்கள். மலையிலிருந்து இறங்கிய கையோடு இந்தச் சோதனையைச் செய்வதில் அர்த்தமில்லை, அப்போது எல்லாமே கொதிக்கும்.

ஸ்லைடு பின்னைக் கழற்றித் துடைத்து, அதற்கென்று உள்ள கிரீஸ் போட்டு, ரப்பர் பூட் கிழிந்திருந்தால் மாற்றினால் முடிந்தது. செலவு சில நூறு. பிஸ்டனே உள்ளே போக மறுத்தால் கேலிபர் கிட் அல்லது முழுக் கேலிபர். பிரேக் வேலை தெரியாதவர் இங்கே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

ஜாக்கி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்க்கலாம், இன்ஜின் அணைந்திருந்தால். ஆனால் இரண்டு சக்கரத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு இன்ஜினைப் போட்டுக் கியரில் சுற்ற விடாதீர்கள். ஏடபிள்யூடி வண்டியில் தரையில் இருக்கும் ஜோடிக்கும் இழுவை போய், வண்டி ஜாக்கியிலிருந்து குதிக்கும். டோ செய்யும்போதும் முன்பக்கத்தை மட்டும் தூக்கி இழுக்க விடக்கூடாது, பிளாட்பெட்தான்.

பேரிங். 50, 60 வேகத்தில் "ஊம்" என்ற சத்தம், இடமும் வலமுமாக லேசாக வளைத்தால் சத்தம் கூடிக் குறைகிறது என்றால் வீல் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. மைலேஜ் இழப்பு இதில் சிறிது, ஆபத்து பெரிது. தள்ளிப்போடாதீர்கள்.

அலைன்மென்ட். டயரின் பட்டைகள்மேல் கையை உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பு, மறுதிசையில் அரம் மாதிரி கிழித்தால் சக்கரம் நேராக ஓடாமல் தேய்த்துக்கொண்டு ஓடுகிறது. முன் சக்கர டஸ்டருக்குப் பின்னால் வளையாத பீம். ஏடபிள்யூடிக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். அதாவது பின் சக்கரங்களும் கோணம் மாறலாம். பல கடைகளில் பழக்கத்தால் முன்னை மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள். நாலு சக்கரத்துக்கும் ரிப்போர்ட் பிரின்ட் கேட்டு வாங்குங்கள்.

## அறிகுறி: முழுசாகத் திருப்பும்போது இழுத்துப் பிடிக்கிறது, தட்டுகிறது

ஏடபிள்யூடியே குற்றவாளியாக இருக்கக்கூடிய ஒரே பகுதி இது.

முதலில் ஏடபிள்யூடி மோடு பட்டனைப் பாருங்கள். கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் முன் பின் சக்கரங்களைச் சேர்த்து இறுக்கும் லாக் நிலையில் திருகி வைத்ததை மறந்து தார்ச்சாலையில் ஓட்டுபவர்கள் உண்டு. வேகம் கூடினால் வண்டி தானே ஆட்டோவுக்கு வந்துவிடும். டவுனுக்குள் மெதுவாகப் போகும்போது முன்னும் பின்னும் இறுகியே நிற்கும். ஆல்கிரிப்பில் ஸ்போர்ட் மோடில் விட்டிருந்தாலும் மைலேஜ் குறையும். சாதாரண ஓட்டத்துக்கு ஆட்டோ. டஸ்டரில் காய்ந்த சாலைக்கு டூவீல் டிரைவ் நிலையும் இருக்கிறது.

அடுத்து நாலு டயரும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். முன் சக்கர வண்டியில் இரண்டு டயரை மாற்றிவிட்டுப் போகலாம். இங்கே அது செலவை இழுத்துவிடும். புது டயரின் பட்டை ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். முன்னால் புதுசு, பின்னால் 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தது என்று வைத்தால், ஆரம் 5 மில்லிமீட்டர் வித்தியாசம். ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். முன்னும் பின்னும் எப்போதும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். கம்ப்யூட்டருக்கு அது சக்கரம் சறுக்குவதுபோலவே தெரியும். கப்ளிங் நேர்ச்சாலையிலும் பிடித்து விட்டு, பிடித்து விட்டுச் சூடாகும். டயரும் தேயும், எரிபொருளும் போகும், கடைசியில் கப்ளிங்கும் போகும்.

டெப்த் கேஜ் விலை நூறு, இருநூறு ரூபாய். நாலு டயரிலும் நடுப் பள்ளத்தில் அளந்து எழுதுங்கள். வித்தியாசம் 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் என்றால் நாலையும் மாற்றுவதுதான் வழி. ஒரே பிராண்டு, ஒரே பட்டை, ஒரே அளவு. பஞ்சராகிப் பக்கவாட்டில் கிழிந்த ஒரே டயருக்காக நாலு மாற்ற மனம் வராது. அப்படியானால் தேய்ந்த அளவு ஒத்துப்போகும் பழைய டயரைத் தேடிப் போடலாம். 8,000, 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் இந்தத் தொல்லையே வராது.

டயர் சரி, மோடு சரி, ஆனாலும் பிடிக்கிறது. காய்ந்த காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து நடக்கும் வேகத்தில் வட்டம் போடுங்கள். டூவீல் நிலை இருந்தால் அதில் ஒருமுறை, ஆட்டோவில் ஒருமுறை. ஆட்டோவில் மட்டும் பிடித்தால் சென்சார், ஒயரிங், கன்ட்ரோல் பக்கம் சந்தேகப்படலாம். டூவீலிலும் பிடித்தால் கப்ளிங் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டுமே வீட்டு வேலையல்ல. இந்தச் சிஸ்டத்தைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். போகுமுன் பின் டிஃபரன்ஷியல், ட்ரான்ஸ்ஃபர் (பின்னால் இழுவையைப் பிரித்து அனுப்பும் பெட்டி) பக்கம் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று அடியில் குனிந்து பார்த்துவிட்டுப் போங்கள். இங்கே எந்த எண்ணெய், எத்தனை கிலோமீட்டருக்கு என்பதை ஓனர் மேனுவலைப் பார்த்தே முடிவு செய்யுங்கள், கையில் இருக்கும் கியர் ஆயிலை ஊற்ற விடாதீர்கள்.

சேற்றிலோ மணலிலோ ரொம்ப நேரம் திணறியபின் ஏடபிள்யூடி விளக்கு மின்னினால் பெரும்பாலும் கப்ளிங் சூடு. நிறுத்தி ஆறவிட்டால் அணைந்துவிடும். நல்ல சாலையிலேயே மின்னினால் மேலே சொன்ன டயர் கணக்குக்குத் திரும்பிப் போங்கள்.

## அறிகுறி: டீசல் வண்டி, இழுவை குறைவு, கரும்புகை

டஸ்டர் ஏடபிள்யூடி 2014-இல் வந்தது, டீசல் 2020-இல் பிஎஸ்6 புகை விதி வந்ததோடு நின்றது. ஒரகடத்தில் உருவான அந்த 1,461 சிசி வண்டிகளில் மிக இளையதுக்கும் இன்று ஐந்தாறு வயது தாண்டிவிட்டது. அந்த வயதில் ரப்பர் முதலில் போகும்.

ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். எஸ்டேட் மண்சாலை வண்டிக்குப் புத்தகத்தில் உள்ள கிலோமீட்டர் பொருந்தாது, பாதியிலேயே அடைத்துவிடும். எண்ணெய் தடவிய துணி ஃபில்டரை மைலேஜுக்காகப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த எண்ணெய் காற்று அளக்கும் சென்சாரில் படிந்து இன்னும் கெடுக்கும். டீசல் ஃபில்டர் எப்போது மாற்றியது என்று நினைவில்லை என்றால் அதையும் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போய்த் திரும்பும் ஹோஸ்கள். ஏறும்போது "ஸ்ஸ்" என்று விசில், கரும்புகை, இழுவையில்லை, மூன்றும் சேர்ந்தால் ஹோஸ் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். இன்ஜின் ஆறியபின் விரலை ஹோஸின் அடிப்பக்கமாக ஓட்டுங்கள். கிளாம்ப் பக்கம் லேசான எண்ணெய்ப் பசை வழக்கம்தான். ஈரமாக வழிந்து தூசி அப்பியிருந்தால் அங்கேதான் காற்று தப்பிக்கிறது. கிழிசல் அமுக்கினால்தான் தெரியும், மேலோட்டமாகப் பார்த்தால் முழுசாக இருக்கும். "டர்போ போச்சு" என்று எழுதிக் கொடுத்த சீட்டோடு வந்த வண்டிகள் ஹோஸ் மாற்றியதும் மலை ஏறியிருக்கின்றன.

ஹோஸ் நன்றாக இருந்தால் ஸ்கேனர் போட வேண்டிய நேரம். புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வு கரி படிந்து திறந்தபடி மாட்டிக்கொள்வது டவுனில் மெதுவாக ஓடும் டீசலில் சகஜம். சுத்தம் செய்யலாம். அதை நிரந்தரமாக அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இஜிஆரும் சரி என்றபின்தான் இன்ஜெக்டர். லீக் பேக் சோதனை என்று ஒன்று உண்டு: ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைச் சின்னக் குப்பிகளில் பிடித்து ஒப்பிடுவார்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட வேகமாக நிரம்பினால் அது தேய்ந்திருக்கிறது. இந்தச் சோதனை செய்து காட்டாமல் நாலு இன்ஜெக்டரும் மாற்றச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அதே சமயம் இதை வீட்டில் முயல வேண்டாம். இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொண்டுபோகும் காமன் ரெயில் பைப்பில் உள்ள அழுத்தம் ஆயிரக்கணக்கான பிஎஸ்ஐ. ஓடும்போது யூனியனைத் தளர்த்தினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

காம்பஸ் மாதிரி பிஎஸ்6 டீசலில் இன்னொரு கேள்வி: டிபிஎஃப், அதாவது புகைக் குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர். தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டி அடிக்கடி கரியை எரிக்க முயன்று, பாதியில் நீங்கள் அணைத்துவிட, மறுநாள் மறுபடி முயலும். ஒவ்வொரு முயற்சிக்கும் கூடுதல் டீசல். டிப்ஸ்டிக்கில் இன்ஜின் ஆயில் அளவு ஏறிக்கொண்டே போனால் அந்த டீசல் ஆயிலோடு கலக்கிறது என்று பொருள். உடனே ஆயில் மாற்ற வேண்டும். அந்த நிலை வருமுன் வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

## அறிகுறி: பெட்ரோல் வண்டி, திடீரென்று இறங்கியது

இ20 பெட்ரோலைக் கணக்கில் எடுங்கள். எத்தனாலில் லிட்டருக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்குப் போனால் வண்டியில் எந்தப் பழுதும் இல்லாமலே மூன்று நாலு சதவீதம் குறையும். 14 கொடுத்தது 13.5 ஆகலாம். 14 கொடுத்தது 11 ஆனால் அதற்கு எத்தனாலைத் திட்டிப் பயனில்லை.

வண்டியைச் சுற்றிப் பெட்ரோல் வாசனை அடித்தால் மற்ற எதையும் விட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.

வாசனை இல்லை, செக் இன்ஜின் எரிகிறது அல்லது ஐடில் நடுங்குகிறது என்றால் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவி வாங்கிப் போனில் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பாருங்கள். கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்று அது காட்டும். பூஜ்யத்துக்கு இருபக்கமும் ஐந்துக்குள் என்றால் நல்லது. பிளஸ் 10-க்கு மேல்: எங்கோ திருட்டுக் காற்று புகுகிறது, அல்லது காற்று சென்சாரில் அழுக்கு, அல்லது பம்ப் அழுத்தம் குறைவு. மைனஸ் 10-க்குக் கீழே: இன்ஜெக்டர் சொட்டுகிறது, அல்லது கரி டப்பாவின் பர்ஜ் வால்வு திறந்தபடி மாட்டியிருக்கிறது. முதலில் காற்று சென்சாரை அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் கழுவுங்கள். கார்ப் க்ளீனர் அடித்தால் சென்சார் காலி. ஸ்பார்க் பிளக் கெடு தாண்டியிருந்தால் மாற்றுங்கள். ஆக்சிஜன் சென்சார் அதற்குப் பிறகு.

## அறிகுறி: இன்ஜின் சூடு காட்டும் முள் நடுவுக்கு வர நேரமாகிறது, இறக்கத்தில் மறுபடி விழுகிறது

கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டது. குன்னூர், ஊட்டி வண்டிகளில் இது தெரியாமலே வருடக்கணக்கில் ஓடும், குளிர்தானே என்று விட்டுவிடுவார்கள். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நம்பிக் கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஓபிடியில் கூலன்ட் சூடு 80 முதல் 95-க்குள் வந்து அங்கேயே நிற்க வேண்டும். 65, 70-லேயே தடுமாறினால் மாற்றுங்கள். பெரிய செலவில்லை.

முள் சரியாக ஏறுகிறது, ஆனால் உங்கள் ஓட்டமே பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று மூன்று கிலோமீட்டர்தான் என்றால் அந்த மைலேஜ் அப்படித்தான் இருக்கும்.

## அறிகுறி: ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

கிளட்ச். ஐந்தாம் கியரில் 60 வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். முள் துள்ளி மேலே போய், வண்டி பின்னால் மெதுவாக வந்தால் தட்டு தேய்ந்துவிட்டது. வளைவில் பாதிக் கிளட்சில் நிறுத்திப் பிடிப்பவர்களுக்குச் சீக்கிரம் வரும். ஏடபிள்யூடியில் ட்ரான்ஸ்ஃபர், ஷாஃப்ட் எல்லாம் கழற்ற வேண்டியிருப்பதால் கூலி கூடுதல். அதனால் கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே தடவையில் மாற்றச் சொல்லுங்கள்.

## அறிகுறி: நெடுஞ்சாலையில் மட்டும் குறைவு

கேரியரைக் கழற்றுங்கள். சபரிமலை சீசனுக்கு மாட்டியது சித்திரைவரை கூரையிலேயே இருக்கும். சேலம் போகும் நெடுஞ்சாலையில் 110-இல் போனால் காற்று எதிர்ப்பு 80-இல் இருப்பதைப்போல் ஏறக்குறைய 1.9 மடங்கு. உயரமான, சதுரமான வண்டிக்கு இது காரைவிட வலிக்கும். ஒரு டேங்க் 90-க்குள் ஓட்டிப் பார்த்தபின்தான் பானட்டைத் திறக்க வேண்டும்.

## எல்லாம் பார்த்தாச்சு, இன்னும் பக்கத்து வீட்டு டூவீல் வண்டியைவிடக் குறைவு

ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் குறைவு என்றால் அது பழுதில்லை, அந்த ஷாஃப்ட்டும் எடையும்தான். ஷாஃப்ட்டைக் கழற்றி முன் சக்கர வண்டியாக ஓட்டலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். கழற்றினால் விளக்குகள் எரியும், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் குழம்பும், மழையில் கல்லட்டி மலைப்பாதைப் பக்கம் போகும்போது எதற்காக அந்த வண்டியை வாங்கினீர்களோ அது இருக்காது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் குறைவு என்றால் டயர் ஆழம், சக்கரச் சூடு, ஃப்யூயல் ட்ரிம், கூலன்ட் சூடு என்று நீங்கள் எடுத்த எண்களையெல்லாம் ஒரே தாளில் எழுதி மெக்கானிக்கிடம் நீட்டுங்கள். பாதி வேலை முடிந்திருப்பதால் கூலியும் குறையும்.